குயின் கட்டிலுக்கு ஒட்டுத்துணி குவில்ட்: எத்தனை மீட்டர் துணி எடுப்பது?

மீனா_கோவை:
எல்லோருக்கும் வணக்கம். இதுவரை குஷன் உறை, மேசை விரிப்பு, அக்கா குழந்தைக்கு ஒரு தொட்டில் குவில்ட் என்று சின்னதாகத்தான் தைத்திருக்கிறேன். அதெல்லாம் வீட்டில் கிடந்த துணியிலேயே முடிந்துவிட்டது. இப்போது தங்கைக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம். குயின் சைஸ் கட்டிலுக்கு ஒன்று தைத்துக் கொடுக்க ஆசை. துணியை அளந்து வாங்க வேண்டிய இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மெத்தை 60க்கு 78 இன்ச். டிசைன் முடிவாகிவிட்டது. 9 இன்ச் கட்டங்கள். குறுக்கே 7, நெடுக 9, மொத்தம் 63. ஒரு கட்டம் ஒன்பது துண்டு (3 இன்ச் சதுரம் ஒன்பது), அடுத்தது வெறும் கட்டம், இப்படி மாறி மாறி. நான்கு மூலையிலும் ஒன்பது துண்டுக் கட்டம் வரும், ஆக அது 32, வெறும் கட்டம் 31. சுற்றிலும் 9 இன்ச் பார்டர். முடிந்த அளவு 81க்கு 99. கட்டங்கள் மெத்தையின் மேல் உட்காரும், பார்டர் பக்கவாட்டில் தொங்கும்.

ஒன்பது துண்டுக்குக் கருநீலம் (கட்டத்துக்கு 5), சந்தன நிறம் (கட்டத்துக்கு 4). வெறும் கட்டத்துக்கு மாங்காய் போட்ட கலம்காரி பிரிண்ட். பார்டருக்கும் ஓரம் கட்டும் பட்டிக்கும் மெரூன். எல்லாம் காட்டன். கடைக்காரர் "எத்தனை மீட்டர்மா?" என்று கேட்டால் என்ன சொல்வது?

எக்செல்_பிரபு:
இது சாதாரண பரப்பளவுக் கணக்குதானே. மாங்காய் பிரிண்டை எடுத்துக்கொள்ளுங்கள். தையலுக்கு இருபுறமும் கால் இன்ச் விட்டால் ஒரு சதுரம் 9½ இன்ச். 9½ × 9½ × 31 = சுமார் 2798 சதுர இன்ச். துணி அகலம் 42 என்றால் 66.6 இன்ச் நீளம், அதாவது 1.7 மீட்டர். சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 1.86. இதே மாதிரி நான்கு துணிக்கும் போட்டுவிடலாம். ஷீட் வேண்டுமானால் அனுப்புகிறேன்.

ஊசிநூல்:
பிரபு தம்பி, கூட்டல் பெருக்கல் எல்லாம் சரி. ஆனால் அந்த 1.86 மீட்டரை வாங்கி வந்து வெட்டினால் மீனாவுக்கு மூன்று கட்டம் குறையும்.

எப்படி என்று பாருங்கள். 42 இன்ச் அகலத்தில் 9½ இன்ச் சதுரம் நான்குதான் வரும், அதற்கு 38 இன்ச் போதும். மீதி 4 இன்ச் ஓரத்தில் தொங்கும், அதில் ஐந்தாவது சதுரம் எடுக்க வழியில்லை. உங்கள் பரப்பளவுக் கணக்கு அந்த 4 இன்ச்சையும் உபயோகித்துவிட்டது. 1.86 மீட்டர் என்பது 73 இன்ச். அதில் 9½ இன்ச் பட்டி ஏழு கிழிக்கலாம், 66½ இன்ச் போச்சு. மிச்சமிருப்பது ஆறரை இன்ச் சொச்சம், எட்டாவது பட்டிக்குப் பற்றாது. ஏழு நாலு இருபத்தெட்டு. வேண்டியது 31.

துணி வாங்கும்போது பரப்பளவை மறந்துவிட வேண்டும். பட்டிக் கணக்குதான் போட வேண்டும். ஒரு பட்டியில் எத்தனை சதுரம் என்று பார்த்து, வரும் பின்னத்தை விட்டுவிடுங்கள். மொத்தச் சதுரத்தை அதால் வகுத்து, இந்தத் தடவை பின்னம் வந்தால் மேலே ஏற்றுங்கள். அதைப் பட்டியின் உயரத்தால் பெருக்கினால் நீளம் வந்துவிடும். மாங்காய்க்கு 31ஐ 4ஆல் வகுத்தால் 7.75, அதாவது 8 பட்டி. 8 × 9½ = 76 இன்ச். மீட்டருக்கு 39.37 இன்ச், ஆக 1.93 மீட்டர். இது சுருக்கத்தைச் சேர்க்காத கணக்கு.

எக்செல்_பிரபு:
ஓ, ரவுண்ட் டவுன், அப்புறம் ரவுண்ட் அப். சரிதான். ஆனால் பத்துக்குப் பதில் இருபது சதவீதம் சேர்த்திருந்தால் என் வழியிலும் வந்திருக்குமே?

ஊசிநூல்:
இந்தக் கட்டத்துக்கு வந்திருக்கும். 3½ இன்ச் சதுரத்துக்கு இருபது சதவீதம் சும்மா கூடுதல் செலவு. 12 இன்ச் கட்டமாக இருந்தால் அகலத்தில் மூன்றுதான் வரும், அங்கே இருபது போதாமலும் போகலாம். சேதாரம் சதுரத்தின் அளவைப் பொறுத்து மாறுகிறது, ஒரே சதவீதம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

ஈரோடு_கட்பீஸ்_கண்ணன்:
ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன், தையல் தெரியாது. இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாரும் 42, 42 என்கிறீர்கள். அது கணக்குப் புத்தகத்து அகலம். கடைக்கு வந்தால் முதலில் பன்னா, அதாவது துணியின் அகலம், என்ன என்று கேளுங்கள்.

பிளவுஸுக்கு எடுக்கும் டூ பை டூ பெரும்பாலும் 36 பன்னா. பாப்ளின், கேம்பிரிக், பிரிண்ட் போட்ட காட்டன் எல்லாம் 44 என்று சொல்லித்தான் விற்போம், டேப் வைத்துப் பார்த்தால் 43ம் இருக்கும், 45ம் இருக்கும். பெரிய பன்னா 58. கைத்தறி என்றால் தறிக்குத் தறி வேறு. மேடம் சொன்ன மாங்காயையே எடுத்துக்கொள்வோம். 36 பன்னாவில் ஒரு பட்டிக்கு மூன்று சதுரம்தான். 11 பட்டி வேண்டும், 104½ இன்ச், 2.65 மீட்டர். 58 பன்னாவில் கரை ஓரமும் சுருக்கமும் போக ஐந்து சதுரம் வரும், 7 பட்டி, 1.69 மீட்டர்.

இந்த 58ல் ஒரு வேடிக்கை. ஆறு பட்டியில் 30 சதுரம் வந்துவிடும். 31வது ஒற்றைச் சதுரத்துக்காக ஒரு முழுப் பட்டி. டிசைனில் ஒரு கட்டத்தை மாற்ற முடிந்தால் கால் மீட்டர் மிச்சம்.

மீனா_கோவை:
கண்ணன் அண்ணா, நான் பார்த்து வைத்த கருநீலம் 36 பன்னாவா 44 பன்னாவா என்றுகூடப் பார்க்கவில்லை! நாளைக்கே போய்ப் பார்க்கிறேன்.

ஊசிநூல் அக்கா, 3½ இன்ச் சதுரத்துக்கு நானே போட்டுப் பார்த்தேன். 42ஐ 3½ஆல் வகுத்தால் மிச்சமே இல்லாமல் 12. கருநீலம் 32 × 5 = 160 சதுரம், 14 பட்டி, 49 இன்ச், 1.25 மீட்டர். சந்தனம் 32 × 4 = 128, 11 பட்டி, 38½ இன்ச், ஒரு மீட்டருக்குள் வந்துவிடுகிறது. சரியா?

ஊசிநூல்:
வகுத்தது சரி, ஆனால் 42 இன்ச்சில் 12 சதுரம் என்பது கத்தி முனையில் நிற்கிற கணக்கு. ஒரு நூல் குறைந்தாலும் பன்னிரண்டாவது சதுரம் கிடைக்காது. துணியின் கரை ஓரத்தை வெட்டி எறிய வேண்டும், அங்கே நெசவு இறுக்கமாக இருக்கும், பிரிண்ட் கம்பெனிப் பெயரும் புள்ளியும் அச்சடித்திருப்பார்கள். துவைத்தால் அகலமும் கொஞ்சம் உள்வாங்கும். அதனால் நம் ஊர்த் துணிக்கு நான் வைத்திருக்கும் வழக்கம்: 44 பன்னா என்றால் 40 என்று நினைத்துக்கொள்வேன், 58 என்றால் 54, 36 என்றால் 33.

40 இன்ச்சில் 11 சதுரம். கருநீலம் 160ஐ 11ஆல் வகுத்து 15 பட்டி, 52½ இன்ச். சந்தனம் 12 பட்டி, 42 இன்ச். மாங்காய் 40லும் நான்கு வருகிறது, அதில் மாற்றம் இல்லை.

இன்னொன்று. 288 குட்டிச் சதுரத்தையும் ஒவ்வொன்றாக வெட்டி உட்கார வேண்டாம். 3½ இன்ச் பட்டிகளை நீளமாகவே வைத்து மூன்று மூன்றாகத் தைத்துவிடுங்கள். நீலம்-சந்தனம்-நீலம் ஒரு வகை, சந்தனம்-நீலம்-சந்தனம் இன்னொரு வகை. தைத்ததைக் குறுக்கே 3½ இன்ச்சாக வெட்டினால் மூன்று சதுரம் ஒட்டியபடி ஒரு வரிசை கிடைக்கும். கட்டம் ஒன்றுக்கு முதல் வகை இரண்டு, இரண்டாம் வகை ஒன்று. அப்படியானால் 64 வரிசையும் 32 வரிசையும். ஒரு தொகுப்பில் 11 வரிசை வரும் என்றால் முதல் வகைக்கு 6 தொகுப்பு, இரண்டாவதுக்கு 3. நீலப் பட்டி 12ம் 3ம் 15, சந்தனப் பட்டி 6ம் 6ம் 12. எந்த வழியில் போனாலும் அதே 15, அதே 12. வேலை மட்டும் பாதியாகிவிடும்.

ஸ்காபரோ_ரதி:
கனடாவில் இருந்து எழுதுகிறேன். இங்கே கடையில் மீட்டரில் வெட்டித் தருவார்கள், ஆனால் கிடைக்கிற பேட்டர்ன் எல்லாம் அமெரிக்கக்காரர் எழுதினது, யார்டில் இருக்கும். யார்டு 36 இன்ச், மீட்டர் 39.37. நான் மாற்றிக்கொண்டு மினக்கெடுவதில்லை. பேட்டர்னில் 3 யார்டு என்றால் 3 மீட்டர் வாங்கிவிடுவேன். ஒன்பது சதவீதம் மாதிரிக் கூட வரும், அது சுருக்கத்துக்கும் வளைந்த வெட்டுக்கும் போய்விடும். ஆனால் அந்தப் பேட்டர்ன் எல்லாம் 42 அல்லது 44 இன்ச் அகலத்தை வைத்துத்தான் எழுதியிருப்பார்கள். கண்ணன் சொன்ன 36 பன்னாவுக்கு அந்தக் கணக்கு சரிவராது, பட்டியை மறுபடி எண்ணத்தான் வேண்டும்.

துவைக்கிற விஷயத்தில் எனக்கு வேற அபிப்பிராயம். இங்கே கனக்கப் பேர் துவைக்காமலே வெட்டித் தைப்போம். கடைத் துணியில் இருக்கிற கஞ்சி போகாது, வெட்ட வடிவாக நிற்கும். தைத்து முடிந்த பிறகு துவைத்தால் முழுக் குவில்ட்டும் சேர்ந்து சுருங்கி, தையல் பக்கத்தில் சின்னச் சின்னச் சுருக்கம் விழும். பழைய குவில்ட் மாதிரி ஒரு தோற்றம் வரும், அதுதான் எனக்கு விருப்பம்.

ஊசிநூல்:
ரதி, உங்கள் ஊர்த் துணியில் அது நடக்கும். மீனா எடுத்திருப்பது கருநீலம், மெரூன், கலம்காரி. மூன்றுமே சாயம் விடக்கூடிய ஆசாமிகள். பக்கத்திலேயே சந்தன நிறம் வேறு. கல்யாணப் பரிசு முதல் துவையலில் சந்தனம் இளஞ்சிவப்பாகித் திரும்பினால் யாருக்குப் பதில் சொல்வது?

மீனா, நான்கையும் தனித்தனி வாளியில் ஊறவையுங்கள். தண்ணீர் நிறம் மாறாமல் வரும்வரை மாற்றி மாற்றி அலசுங்கள். கல்லுப்பு போட்டால் சாயம் நிற்கும் என்று வீட்டில் சொல்வார்கள், இன்றைய மில் சாயத்துக்கு அது உதவாது. நூலில் பிடிக்காமல் மேலாக நிற்கும் சாயம் வெளியே போய்த்தான் ஆக வேண்டும். அப்புறம் வெள்ளைத் துணியை நனைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். அதற்கும் ஒட்டினால் அந்தத் துணியை இந்தக் குவில்ட்டில் சேர்க்காதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

நீளத்தில் ஐந்து சதவீதம் சுருங்கும் என்று வைத்துக் கணக்கிடுங்கள். வேண்டிய இன்ச்சை 0.95ஆல் வகுக்க வேண்டும். கருநீலம் 52½ என்பது 55¼ ஆகும், 1.40 மீட்டர், ஒன்றரை எடுங்கள். சந்தனம் 44¼, 1.12, ஒன்றேகால் எடுங்கள். மாங்காய் 80, 2.03 மீட்டர். இரண்டு மீட்டர் போதாதா என்று கை இழுக்கும், இரண்டேகால் எடுங்கள்.

ஸ்காபரோ_ரதி:
சாயம் என்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன், நீங்கள் சொல்வது சரி. ஆனால் எல்லாம் வெளிர் நிறமென்றால் நான் இன்னும் துவைக்க மாட்டேன்!

மீனா_கோவை:
பார்டருக்கு வருகிறேன். மெரூன் 9½ இன்ச் பட்டி. நான்கு பக்கத்துக்கும் சேர்த்து நீளம் 326 இன்ச் வருகிறது. 44 பன்னாவில் குறுக்கே வெட்டி ஒட்டுப்போட வேண்டுமா, இல்லை நெடுக ஒரே துண்டாக வெட்டலாமா? நெடுக என்றால் துணி நிறைய ஆகுமோ?

ஊசிநூல்:
இந்த டிசைனில் உங்களுக்கு அதிர்ஷ்டம். பக்கவாட்டு பார்டர் 81 இன்ச். மேலும் கீழும் வருவது 63ம் இரண்டு ஒன்பதும், அதுவும் 81. தையலுக்கு விட்டு நான்கும் 81½. நெடுக வெட்டினால் 9½ இன்ச் பட்டி நான்கு, அகலத்தில் 38 இன்ச், 40க்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். நீளத்துக்கு ஒரு இன்ச் கூட வைத்து 82½ இன்ச், 2.10 மீட்டர். குறுக்கே வெட்டினால் 40 இன்ச் பட்டி 9 தேவை, 85½ இன்ச். ஆக நெடுக வெட்டுவதுதான் துணியும் குறைவு, ஒட்டும் இல்லை. துணியின் நீளத்தில் ஓடும் பாவு நூல் வழியில் போவதால் பார்டர் இழுபட்டு அலை அலையாக நிற்கவும் செய்யாது. எல்லா டிசைனுக்கும் இப்படி அமையாது, அதனால் இரண்டு வழியும் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஓரப் பட்டிக்குச் சுற்றளவு 360 இன்ச். மூலை திருப்பவும் முனை சேர்க்கவும் 12 கூட்டி 372. 2½ இன்ச் பட்டியைக் குறுக்கே வெட்டிச் சாய்வாக ஒட்டினால் ஒவ்வொரு ஒட்டிலும் இரண்டரை இன்ச் போகும், ஆகப் பட்டிக்கு 37½ கிடைக்கும். 10 பட்டி, 25 இன்ச். பிளவுஸ் கழுத்துக்கு வெட்டுகிற மாதிரி கிராஸ் பட்டி வேண்டுமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். ஓரம் நேராக இருக்கிறதே, வளைவு இருந்தால்தான் கிராஸ்.

82½ம் 25ம் 107½, சுருக்கத்தோடு 113 இன்ச், 2.87 மீட்டர். மெரூன் 3 மீட்டர்.

யானைமலை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே மாதிரி பார்டர்தான், ஆனால் என் துணியில் யானை வரிசையாக நடக்கிறது. நெடுக வெட்டினால் மேலேயும் கீழேயும் யானை செங்குத்தாக ஏறுமே?

ஊசிநூல்:
ஏறும்! ஒரே திசை பார்க்கும் பிரிண்ட்டுக்குத் தனிக் கணக்கு. கரைக்கு இணையாக யானை நிமிர்ந்து நிற்கிறது என்றால், பக்கவாட்டு இரண்டை மட்டும் நெடுக வெட்டுங்கள். மேல், கீழ் இரண்டையும் குறுக்கே. மீனா அளவையே வைத்தால் 81½ இன்ச் நீளத்துக்கு 40 இன்ச் பட்டி இரண்டை ஒட்டினால் 79½தான் வருகிறது, இரண்டு இன்ச் குறையும். ஆக இரண்டு பார்டருக்கும் சேர்த்து 5 பட்டி, 47½ இன்ச். நெடுக வெட்டியது 82½. மொத்தம் 130 இன்ச், சுருக்கத்தோடு 137, மூன்றரை மீட்டர்.

ஆனால் நெடுக இரண்டு பட்டி 19 இன்ச்தான் எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் 21 இன்ச் அகலத்தில் 82½ இன்ச் நீளத் துண்டு சும்மா நிற்கும். ஓரப் பட்டி முழுவதையும் அதிலேயே எடுத்துக்கொள்ளலாம், ஐந்து பட்டி போதும். ஓரத்தில் யானை எப்படித் திரும்பினால் என்ன, அரை இன்ச்தான் தெரியும்.

யானைமலை:
மூன்றரைக்கு யானையைக் கட்டிவிட்டேன். நன்றி அக்கா.

மீனா_கோவை:
இப்போது பின்பக்கம். இதுதான் பயமாக இருக்கிறது. சுற்றிலும் 4 இன்ச் கூட வேண்டும் என்றால் 89க்கு 107. இவ்வளவு பெரிய துணி எங்கே கிடைக்கும்?

எக்செல்_பிரபு:
இந்தத் தடவை பட்டிக் கணக்குதான் போட்டேன், திருத்துங்கள். 44 பன்னாவை 40 என்று வைத்தால்:
நீளவாக்கில் தைத்தால் 89 அகலத்துக்கு மூன்று துண்டு, ஒவ்வொன்றும் 107. மொத்தம் 321 இன்ச், 8.15 மீட்டர்.
படுக்கைவாட்டில் தைத்தால் 107 உயரத்துக்கும் மூன்று துண்டுதான், ஆனால் ஒவ்வொன்றும் 89. மொத்தம் 267 இன்ச், 6.78 மீட்டர்.
தையலின் திசையை மாற்றினால் மட்டுமே ஒன்றேகால் மீட்டருக்கு மேல் மிச்சம். 58 பன்னாவில் படுக்கைவாட்டில் இரண்டே துண்டு, 178 இன்ச், 4.52 மீட்டர்.

ஊசிநூல்:
பிரபு தேறிவிட்டார்! 58ல் மட்டும் கவனம்: 54ம் 54ம் 108, நடுத் தையலுக்கு ஒரு இன்ச் போனால் 107, துளியும் மிச்சமில்லை. வீட்டு மெஷினில் தைப்பவர்களுக்குச் சுற்றிலும் 3 இன்ச் போதும், 87க்கு 105 என்று வைத்துக்கொண்டால் நிம்மதி.

ஈரோடு_கட்பீஸ்_கண்ணன்:
மேடம், 44 பன்னாவை மூன்று துண்டாக ஒட்டுவதற்கு முன்னால் பெட்ஷீட் துணி கேளுங்கள். கரூர், ஈரோடு பக்கம் பெரிய பன்னாவில் நெய்கிற துணிதான், மீட்டரில் கிடைக்கும். துவைத்த பிறகும் 107 நிற்கிற பன்னா கிடைத்தால் இரண்டரை மீட்டரில் முடிந்தது, ஒட்டே வேண்டாம். 90 பன்னாவை நம்பி வராதீர்கள், துவைத்தால் 86க்கு வந்து நிற்கும். காடாத் துணியும் நன்றாக இருக்கும், அது இன்னும் கூடச் சுருங்கும், கண்டிப்பாக நனைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊசிநூல்:
கையால் தைப்பவர்கள் நெருக்கமாக நெய்த பெட்ஷீட் துணியைத் தொடாதீர்கள், ஊசி இறங்காமல் விரல் போய்விடும். மெஷின் என்றால் பரவாயில்லை.

திண்ணைப்பாட்டி:
நான் கணக்கில் சேராத ஆள். எங்கள் வீட்டில் பழைய புடவையை நாலாக மடித்து ஓட்டுத் தையல் போட்டுத்தான் குழந்தைகளைப் படுக்கவைத்தோம். இந்த இழையைப் பேத்தி படித்துக் காட்டினாள். பின்பக்கத்துக்கு இவ்வளவு யோசிக்கிறீர்களே, ஒரு நூல் புடவை போதாதா?

ஆறு கஜப் புடவை, பிளவுஸ் துண்டு போக ஐந்தரை மீட்டர். பேத்தி 216 இன்ச் என்கிறாள். நடுவில் வெட்டினால் 108, 108. அகலம் 45க்குக் குறையாது, கைத்தறி என்றால் 47ம் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு தையல் போட்டால் 89க்கு 108. நீங்கள் கேட்ட அளவு அப்படியே இருக்கிறதே கண்ணு. பழைய புடவை என்றால் சுருங்குகிற அளவு ஏற்கெனவே சுருங்கியிருக்கும், சாயமும் போக வேண்டியது போயிருக்கும்.

மீனா_கோவை:
பாட்டி!! அம்மாவின் பழைய சுங்குடிப் புடவை ஒன்று இப்போது கட்டாமல் அலமாரியில் இருக்கிறது. தங்கைக்கு அதைவிட வேறு என்ன வேண்டும். ஆனால் கால் படுகிற கரைப்பக்கம் நைந்திருக்குமோ என்று சந்தேகம்.

திண்ணைப்பாட்டி:
நைந்துதான் இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடி, எங்கே மெலிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். முதலில் ஃபால்ஸைப் பிரித்து எடு. இரண்டு பாதியில் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பு, இடுப்பில் செருகுகிற மேல்கரை இரண்டும் நடுவில் சேரும்படி வை. அப்போது குதிகால் பட்ட கரை இரண்டும் வெளிப்பக்கம் போய்விடும். தைத்து முடித்த பிறகு சுற்றிலும் நாலு இன்ச் வெட்டிவிடுவீர்களே, நைந்தது அதோடு போகும். நடுத் தையலை மட்டும் இரட்டையாக ஓட்டு, இழுப்பு முழுக்க அங்கேதான். முந்தானை ஒரு பாதியின் ஓரத்தில் வரும், அதைக் கால்பக்கம் வை, தலைப்பக்கம் வை, உன் இஷ்டம்.

ஊசிநூல்:
பாட்டி சொன்னதை அப்படியே செய்யுங்கள் மீனா. கர்நாடகத்தில் உத்தர கன்னடப் பக்கம் சித்தி இனப் பெண்கள் கவந்தி என்று தைப்பதும் பழைய புடவையை அடியில் விரித்துத்தான். ஓரத்திலிருந்து துண்டு துண்டாக வைத்து நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே போவார்கள். எத்தனை மீட்டர் என்ற கேள்வியே கிடையாது, கையில் இருக்கிற துணிதான் அளவு. எனக்கு அந்தத் துணிச்சல் வராது, டேப் இல்லாமல் கத்தரியையே தொட மாட்டேன்.

மீனா_கோவை:
வாடிங் (நடுவில் வைக்கும் பஞ்சு அடுக்கு) பற்றி ஒருவரும் பேசவில்லையே?

ஊசிநூல்:
அதில் பெரிய கணக்கு இல்லை. பின்பக்கத்தைவிடத் துளி சின்னதாக, 87க்கு 105 இருந்தால் போதும். ரோலின் அகலம் கடைக்குக் கடை மாறும். 60 இன்ச் கிடைத்தால் 87 இன்ச் துண்டு இரண்டு, நாலரை மீட்டர். ஒன்றன்மேல் ஒன்று ஏற்றித் தைக்காதீர்கள், மேடு தட்டும். விளிம்போடு விளிம்பு ஒட்டவைத்துப் பெரிய ஜிக்ஜாக் போடுங்கள். வீட்டு மெஷின் என்றால் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) குறைந்த மெல்லியதாக எடுங்கள், தடிமன் எடுத்தால் 81 இன்ச் குவில்ட்டைச் சுருட்டி மெஷின் கைக்குள் நுழைக்கவே முடியாது. கோவை வெயிலுக்கும் மெல்லியதுதான் சரி.

புதுக்கை:
எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். சதுரத்துக்கு அரை இன்ச் கூட்டுகிறோம். இரண்டு முக்கோணம் சேர்ந்து சதுரம் ஆகிற கட்டத்துக்கு எவ்வளவு?

ஊசிநூல்:
முடிந்த அளவோடு 7 நூல், அதாவது 7/8 இன்ச். 3 இன்ச் வேண்டும் என்றால் 3 இன்ச் 7 நூலில் இரண்டு நிறத்திலும் ஒரு சதுரம் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூலைவிட்டக் கோட்டின் இருபுறமும் கால் இன்ச் தள்ளித் தைத்து, கோட்டில் வெட்டினால் இரண்டு கட்டம் கிடைக்கும். நான் 4 இன்ச்சாகவே வெட்டி, தைத்த பிறகு 3½க்குச் சீராக்கிவிடுவேன். பட்டிக் கணக்கையும் அந்த 4 இன்ச்சை வைத்தே போடுங்கள், 40க்குப் பத்து.

மீனா_கோவை:
என் பட்டியல், எல்லாம் 44 பன்னாவுக்கு:
கருநீலம் 1½ மீட்டர்
சந்தனம் 1¼
மாங்காய் 2¼
மெரூன் 3
பின்பக்கம் அம்மாவின் சுங்குடி
வாடிங் 60 இன்ச் அகலத்தில் 4½

கருநீலம் மட்டும் 36 பன்னா என்று தெரிந்தால் 33 என்று வைத்து, பட்டிக்கு 9 சதுரம், 18 பட்டி, 63 இன்ச், சுருக்கத்தோடு 66¼. அப்போது 1¾ மீட்டர். சரிதானே அக்கா?

ஊசிநூல்:
சரி. பட்டித் தொகுப்பாகத் தைப்பதற்கு மட்டும் இன்னொரு தடவை பாருங்கள். நீலம் 9 வரிசைக்குத்தான் வரும், அதனால் தொகுப்பு 8ம் 4ம் ஆகிறது. நீலப் பட்டி 16ம் 4ம் 20, அதாவது 70 இன்ச், சுருக்கத்தோடு 1.87 மீட்டர். இரண்டு மீட்டர் எடுங்கள். சந்தனமும் அதே தொகுப்பில்தான் போகிறது, அது 8ம் 8ம் 16 பட்டி, 56 இன்ச், ஒன்றரையே போதும், ஆனால் இடமே இருக்காது. ஒன்றேமுக்கால் எடுங்கள். அதைவிட 44 பன்னாவில் வேறு நீலம் தேடுவது சுலபம்.

ஈரோடு_கட்பீஸ்_கண்ணன்:
கடையில் நிற்கும்போது இரண்டு விஷயம். மெரூன் மூன்று மீட்டரும் ஒரே தானிலிருந்து (துணிச் சுருள்) ஒரே துண்டாக வெட்டச் சொல்லுங்கள். ஒன்றரை ஒன்றரையாக இரண்டு துண்டு இருக்கிறது என்று கொடுப்பார்கள், 82½ இன்ச் பார்டர் அதில் வராது. அப்புறம், தானின் முதல் வெட்டு கோணலாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கோணலாக இருந்தால் நேராக்கிவிட்டு அளக்கச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். நாங்கள் செய்து தருவோம்.

மீனா_கோவை:
போய்விட்டு வந்தேன். கருநீலம் 44 பன்னாதான், டேப் வைத்தே பார்த்தேன், 43½. மெரூன் ஒரே துண்டு. சந்தனம் தானில் கடைசியாக 1.30 மீட்டர் மிச்சம் இருந்தது, முழுவதையும் எடுத்துக்கொண்டேன். நான்கும் இப்போது தனித்தனி வாளியில் ஊறுகிறது. மெரூன் வாளி மூன்றாவது தண்ணீரிலும் சிவப்பாகத்தான் இருக்கிறது.

ஊசிநூல்:
இன்னும் அலசுங்கள். நாளைக்கு வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அதுவரை வெட்ட வேண்டாம்.